ஆட்டக்காரர் வாத்தியார் ஆகலாமா?

ஓசூர் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு சங்கதி நன்றாகத் தெரியும்.

லேத் மெஷினில் ஒருவர் கெட்டிக்காரராக இருப்பார். அவர் கை பட்டால் இரும்பு வெண்ணெய் போல வழியும். ஒரு நூல் கூடப் பிசகாது. அவரைக் கூப்பிட்டு, "இந்தப் பத்துப் பையன்களுக்கும் வேலை கற்றுக்கொடுங்கள், அண்ணே" என்று சொன்னால் திணறிப் போவார். "நான் செய்வதைப் பாருங்கள், இப்படித்தான்" என்பார். அதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியாது.

அதே பட்டறையில் இன்னொருவர் இருப்பார். வேலையில் அவர் நடுத்தரம்தான். ஆனால் அவரிடம் பழகிய பையன்கள் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் பேர் வாங்குவார்கள்.

செய்வது ஒரு வித்தை. சொல்லிக்கொடுப்பது வேறு ஒரு வித்தை. இரண்டும் ஒருவரிடமே இருப்பது அபூர்வம்.

இந்த உண்மை விளையாட்டுக்கும் பொருந்தும். நமது நாட்டு ஆக்கி ஆட்டத்தின் கதையைப் பார்த்தால் அது நன்றாக விளங்கும். ஆக்கியில் நாம் ஏன் உயர்ந்தோம், ஏன் விழுந்தோம், இப்போது எப்படி எழுந்து வருகிறோம் என்ற கேள்விகளுக்கும் அதில் விடை இருக்கிறது.

சென்னையில் நடந்த ஆட்டம்

2025-ம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் ஜூனியர் உலகக் கோப்பை ஆக்கிப் போட்டி சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. 21 வயதுக்கு உட்பட்ட இளைஞர்கள் ஆடும் போட்டி இது. 24 நாடுகள் கலந்துகொண்டன.

டிசம்பர் 10-ந் தேதி, சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் 3-வது இடத்துக்கான ஆட்டம். இந்தியாவும் அர்ஜென்டினாவும் மோதின.

ஆக்கி ஆட்டத்தில் 15 நிமிடம் வீதம் 4 பகுதிகள் உண்டு. முதல் 3 பகுதிகள் முடிந்தன. அர்ஜென்டினா 2 கோல் போட்டிருந்தது. இந்தியா ஒன்றும் போடவில்லை. 'அவ்வளவுதான்' என்று பலரும் நினைத்தார்கள்.

கடைசிப் பகுதியில் நடந்ததுதான் அதிசயம். இந்தியப் பையன்கள் வரிசையாக 4 கோல் போட்டார்கள். 4-2 என்ற கணக்கில் இந்தியா வென்றது. வெண்கலப் பதக்கம் கிடைத்தது.

அதற்கு முந்தைய இரண்டு ஜூனியர் உலகக் கோப்பைகளிலும், அதாவது 2021-லும் 2023-லும், இந்தியா 4-வது இடத்தோடு வெறுங்கையுடன் திரும்பியிருந்தது. எனவே சென்னையில் கிடைத்த வெண்கலம் ஒரு படி ஏற்றம்தான்.

இந்தப் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் யார் தெரியுமா? கோல் காப்பாளர் ஸ்ரீஜேஷ்!

மட்டையை வைத்தார், வாத்தியார் ஆனார்

ஸ்ரீஜேஷ் கேரள மாநிலத்தைச் சேர்ந்தவர். எர்ணாகுளம் மாவட்டத்தில் கிழக்கம்பலம் என்ற ஊரில் 1988-ல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். திருவனந்தபுரத்தில் உள்ள ஜி.வி.ராஜா விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்த பிறகுதான் ஆக்கிக்கு வந்தார்.

2021-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதியை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனிக்கு எதிரான வெண்கலப் பதக்க ஆட்டம் அன்று நடந்தது. இந்தியா 5-4 என்று முன்னணியில் இருந்தது. ஆட்டம் முடியச் சில விநாடிகளே பாக்கி. அப்போது ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தது. பந்து பாய்ந்து வந்தது. ஸ்ரீஜேஷ் தடுத்தார். 41 ஆண்டுகளுக்குப் பிறகு இந்திய ஆக்கிக்கு ஒலிம்பிக் பதக்கம் கிடைத்தது.

2024-ல் பாரீஸ் ஒலிம்பிக்கிலும் ஸ்பெயினை 2-1 என்று வென்று இந்தியா வெண்கலம் பெற்றது. அதோடு ஸ்ரீஜேஷ் ஆட்டத்துக்கு முழுக்குப் போட்டார். உடனே ஜூனியர் அணியின் பயிற்சியாளர் ஆனார்.

2024 அக்டோபரில் மலேசியாவில் நடந்த சுல்தான் ஜோகூர் கோப்பையில் அவருடைய பையன்கள் வெண்கலம் வாங்கினார்கள். டிசம்பரில் மஸ்கட்டில் நடந்த ஜூனியர் ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானை 5-3 என்று தோற்கடித்துத் தங்கம் வாங்கினார்கள். அடுத்த ஆண்டு சென்னையில் வெண்கலம்.

சென்னையில் இன்னொரு காட்சியும் உண்டு. கால் இறுதியில் பெல்ஜியத்துடன் ஆட்டம் 2-2 என்று சமமாக முடிந்தது. பிறகு வெற்றியைத் தீர்மானிக்க, ஒவ்வொரு ஆட்டக்காரராகப் பந்தை ஓட்டிச்சென்று கோல் காப்பாளருடன் நேருக்கு நேர் மோதும் முறை. அதில் இந்தியக் கோல் காப்பாளர் பிரின்ஸ்தீப் சிங் அருமையாகத் தடுத்து அணியைக் காப்பாற்றினார். வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தவரோ பல ஆண்டுகள் அதே வேலையைச் செய்த மனிதர்!

சரி, ஒலிம்பிக்கில் புகழ் பெற்ற எல்லோருக்கும் பயிற்சி வேலை இப்படிக் கைகொடுக்குமா? இல்லை. அதைத் தெரிந்துகொள்ள நம் தமிழ்நாட்டு வீரர் ஒருவரின் கதையைப் பார்ப்போம்.

ஆரணியில் இருந்து மாஸ்கோவுக்கு

வாசுதேவன் பாஸ்கரன் 1950-ல் ஆரணியில் பிறந்தவர். சென்னை லயோலா கல்லூரியில் படித்தவர்.

1976-ல் கனடா நாட்டின் மாண்ட்ரியல் நகரில் ஒலிம்பிக் நடந்தது. இந்திய ஆக்கி அணியில் பாஸ்கரன் இருந்தார். 1928-ல் இருந்து ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் பதக்கம் வாங்கிய இந்தியா, அங்கே 7-வது இடத்துக்குத் தள்ளப்பட்டது. ஆஸ்திரேலியா நம்மை 6-1 என்று அடித்து நொறுக்கியது. நாடே தலை குனிந்தது.

காரணம் என்ன? ஒலிம்பிக் ஆக்கி முதல் முறையாகச் செயற்கைப் புல்வெளியில் நடந்தது மாண்ட்ரியலில்தான். நம்மவர்கள் பழகியது இயற்கைப் புல் தரை. அங்கே பந்து மெதுவாக ஓடும். மணிக்கட்டைச் சுழற்றி, பந்தை மட்டையோடு ஒட்டவைத்து, எதிராளியை ஏமாற்றிக்கொண்டு போகலாம். செயற்கைத் தரையிலோ பந்து சறுக்கிக்கொண்டு பறக்கும். அங்கே வித்தையோடு வேகமும் வேண்டும், மூச்சும் வேண்டும்.

ஓசூர்க்காரர்களுக்கு இது எளிதில் புரியும். கையால் ஓட்டும் லேத்தில் ராஜாவாக இருந்தவர் முன்னால் திடீரென்று கம்ப்யூட்டர் மெஷினைக் கொண்டுவந்து வைத்தால் எப்படி இருக்கும்? கைத்திறமை அப்படியே இருக்கும். ஆனால் காலம் மாறிவிட்டது!

நான்கு ஆண்டுகள் கழித்து மாஸ்கோ ஒலிம்பிக். இந்த முறை பாஸ்கரன்தான் கேப்டன்.

1980 ஜூலை 29-ந் தேதி இறுதி ஆட்டம். எதிரே ஸ்பெயின். இந்தியா 3 கோல் முன்னணி பெற்றது. ஸ்பெயின் விடவில்லை. ஜுவான் அமாத் என்ற வீரர் ஒருவரே 3 கோல் போட்டார். ஆனாலும் இந்தியா 4-3 என்று வென்றது. சுரீந்தர் சிங் சோதி 2 கோல். முகமது ஷாகித் 1 கோல். எம்.கே.கௌசிக் 1 கோல்.

16 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த தங்கம்! ஒலிம்பிக் ஆக்கியில் இந்தியா பெற்ற 8-வது தங்கம் அது. பாஸ்கரனுக்கு அப்போது வயது 29. அவருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. 1981-ல் பத்மஸ்ரீ பட்டமும் கிடைத்தது.

ஒன்றை மறைக்கக் கூடாது. ரஷியப் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததைக் கண்டித்துப் பல நாடுகள் மாஸ்கோவுக்குப் போகவில்லை. பாகிஸ்தான், ஆஸ்திரேலியா, நெதர்லாந்து, மேற்கு ஜெர்மனி ஆகிய பலமான ஆக்கி அணிகள் அங்கே இல்லை. 6 அணிகள்தான் ஆடின. ஆனாலும் வந்தவர்களை வென்றால்தானே தங்கம்? அதைப் பாஸ்கரனின் அணி செய்து காட்டியது.

கோட்டுக்கு வெளியே

ஆட்டத்தில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு பாஸ்கரன் பயிற்சியாளர் ஆனார். 2000-ல் சிட்னி ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அவர்தான் அழைத்துச் சென்றார்.

அங்கே போலந்துடன் ஓர் ஆட்டம். வென்றால் அரை இறுதி. இந்தியா 1-0 என்று முன்னணியில் இருந்தது. ஆட்டம் முடியும் தறுவாய். ரசிகர்கள் கைதட்டத் தயாராகிவிட்டார்கள். அப்போது போலந்து ஒரு கோல் போட்டது. 1-1. அரை இறுதி வாய்ப்பு கையைவிட்டுப் போயிற்று.

இந்தியாவுக்குக் கிடைத்தது 7-வது இடம். ஆட்டக்காரராக மாண்ட்ரியலில் பாஸ்கரன் கண்ட அதே 7-வது இடம்!

2006-ல் ஜெர்மனியில் உலகக் கோப்பை நடந்தது. மீண்டும் பாஸ்கரன் பயிற்சியாளர். 12 நாடுகளில் இந்தியா 11-வது இடம். பிறகு அந்தப் பதவி வேறொருவருக்குப் போயிற்று.

மாஸ்கோவில் வென்ற மனிதருக்குச் சிட்னியில் ஏன் வெற்றி கிட்டவில்லை? ஆக்கி மறந்துபோயிற்றா? அதெல்லாம் இல்லை.

கேப்டன் கையில் மட்டை இருக்கும். ஆட்டம் கெட்டால் அவரே ஓடிப்போய்ப் பந்தைப் பிடுங்கலாம். பயிற்சியாளர் கையில் மட்டை இல்லை. அவர் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பார். கடைசி 2 நிமிடத்தில் களத்தில் நிற்கும் பையன் பதற்றப்படாமல் இருக்கவேண்டும். அதற்கு அந்தப் பயிற்சியை ஓராண்டுக்கு முன்பே, ஈராண்டுக்கு முன்பே கொடுத்திருக்கவேண்டும். அதற்கு அவகாசம் வேண்டும். அந்த அவகாசம்தான் நம் நாட்டில் யாருக்கும் கிடைக்கவில்லை.

சுற்றும் நாற்காலி

அந்தக் காலத்தில் இந்திய ஆக்கிப் பயிற்சியாளர் பதவி இசை நாற்காலி ஆட்டம் போல இருந்தது. கணக்கைப் பாருங்கள்.

மாஸ்கோவில் ஒரு கோல் போட்ட கௌசிக், 1998-ல் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியாவின் பயிற்சியாளர். அங்கே இந்தியா தங்கம் வென்றது. 32 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த ஆசியத் தங்கம் அது. அதற்குப் பரிசு என்ன? பதவி பறிபோயிற்று! அவருடன் முன்னணி ஆட்டக்காரர்கள் பலரும் நீக்கப்பட்டார்கள்.

2000-ல் சிட்னியில் பாஸ்கரன்.

2002 உலகக் கோப்பையில் செட்ரிக் டிசூசா பயிற்சியாளர். போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே அவர் நீக்கப்பட்டார்.

ராஜீந்தர் சிங் 2001-ல் ஜூனியர் உலகக் கோப்பையை வென்று தந்தவர். 2004-ல் ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குச் சில வாரங்கள் இருக்கும்போது அவரும் நீக்கப்பட்டார். ஜெர்மனியில் இருந்து கெர்ஹார்டு ராக் என்பவர் அழைத்து வரப்பட்டார்.

2006-ல் மறுபடியும் பாஸ்கரன். அடுத்து ஜோகிம் கார்வாலோ.

முடிவு? 2008-ல் ஒலிம்பிக் வரலாற்றிலேயே முதல் முறையாக இந்திய ஆக்கி அணி தகுதி பெறவில்லை. பீஜிங் ஒலிம்பிக்கை நம் வீரர்கள் டெலிவிஷனில் பார்த்தார்கள்.

ஒரு தொழிற்சாலையில் 10 ஆண்டில் 6 தடவை போர்மனை மாற்றினால் என்ன ஆகும்? ஒவ்வொருவரும் ஒரு முறையைச் சொல்வார். ஒருவர் சொன்னதை அடுத்தவர் அழிப்பார். தொழிலாளி குழம்பிப் போவார். உற்பத்தி படுத்துவிடும். ஆக்கியிலும் நடந்தது அதுதான்.

அவகாசம் கொடுத்தார்கள்

பிறகு நிலைமை மெல்ல மாறியது. 2019-ல் ஆஸ்திரேலியாவின் கிரகாம் ரீட் இந்தியாவுக்கு வந்தார். அவரும் பழைய ஆட்டக்காரர்தான். 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய ஆஸ்திரேலிய அணியில் ஆடியவர்.

ஆனால் அவர் மட்டையைக் கீழே வைத்ததும் பெரிய நாற்காலியில் உட்கார்ந்துவிடவில்லை. ரிக் சார்ல்ஸ்வொர்த் என்ற புகழ்பெற்ற பயிற்சியாளரிடம் துணைப் பயிற்சியாளராக இருந்து வேலை பழகினார். பிறகுதான் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். நம் ஊரில் அப்ரண்டிஸ் பழகுவது போலத்தான்.

அவருக்கு இந்தியாவில் 4 ஆண்டுக்குச் சற்றுக் குறைந்த காலம் கிடைத்தது. டோக்கியோ வெண்கலம் அந்தக் காலத்தில்தான் வந்தது. அவருக்குப் பின் 2023-ல் தென்னாப்பிரிக்காவின் கிரெய்க் புல்டன் பொறுப்பேற்றார். இவரும் ஒலிம்பிக்கில் ஆடியவர். பாரீஸ் வெண்கலம் இவர் காலத்தில் வந்தது.

இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் ஸ்ரீஜேஷின் கதைக்கு அர்த்தம் புரியும். அவர் ஆட்டத்தை விட்டதும் பெரிய அணிக்குப் போகவில்லை. பையன்களிடம் போனார். சின்ன மெஷினில் வேலை பழகுவதுபோல, ஜூனியர் அணியில் பயிற்சி வேலையைத் தொடங்கினார்.

அங்கேயும் எல்லாம் வெற்றியாக இல்லை. சென்னையில் அரை இறுதியில் ஜெர்மனி நம் பையன்களை 5-1 என்று தோற்கடித்தது. பழைய நாட்களாக இருந்தால், "பயிற்சியாளரை மாற்று" என்ற குரல் அன்று இரவே எழுந்திருக்கும். மூன்றே நாளில் அதே பையன்கள் 2 கோல் பின்தங்கிய நிலையில் இருந்து மீண்டு வந்து பதக்கம் வாங்கினார்கள். தோல்விக்குப் பிறகு பையன்களைத் தூக்கி நிறுத்துவதும் பயிற்சியாளர் வேலைதான்.

ஓசூருக்கு இதில் என்ன?

ஆக்கிக்கும் நமக்கும் வெகு தூரம் என்று நினைக்க வேண்டாம். ஓசூரில் இருந்து பெங்களூர் 40 கிலோமீட்டர். ஜூஜூவாடியையும் அத்திப்பள்ளியையும் தாண்டித் தினமும் எத்தனையோ பேர் வேலைக்குப் போய் வருகிறார்கள். அந்தப் பெங்களூரில்தான் இந்திய விளையாட்டு ஆணையத்தின் பெரிய மையம் இருக்கிறது. இந்திய ஆக்கி அணிகள் மாதக்கணக்கில் தங்கிப் பயிற்சி செய்வது அங்கேதான். ஒலிம்பிக் பதக்கம் உருவாகும் இடம் நமக்குப் பக்கத்து ஊர்!

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. ஓசூரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் கேட்கும். தொழிற்சாலையில் வடமாநிலத் தொழிலாளர் பேசும் இந்தியும் கேட்கும். இத்தனை பேரையும் சேர்த்து வேலை வாங்கத் தெரிந்தவரே நல்ல போர்மன். இந்திய அணியும் அப்படித்தான். பஞ்சாப், ஒடிசா, ஜார்கண்ட், தமிழ்நாடு என்று பல இடத்துப் பையன்கள் வருகிறார்கள். எல்லோருக்கும் புரியும்படி சொல்லிக்கொடுக்கத் தெரியவேண்டும்.

நம் வீடுகளில் வழக்கமாக ஒரு கேள்வி எழும். பையனோ பெண்ணோ மட்டையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டால் அப்பா கேட்பார்: "விளையாட்டு சோறு போடுமா?"

நியாயமான கேள்விதான். ஷிப்டு வேலை பார்த்து, வாடகை கொடுத்து, பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தகப்பனார் அப்படிக் கேட்காமல் வேறு எப்படிக் கேட்பார்? ஆட்டக்காரரின் வாழ்வு குறுகியது. 35 வயதுக்கு மேல் களத்தில் ஓடுவது கடினம். அதற்கப்புறம் 25 ஆண்டுகள் என்ன செய்வது?

வேலைக்கு வழி இருக்கிறது. ரயில்வே, வங்கி, போலீஸ், ராணுவம் ஆகியவை விளையாட்டு வீரர்களை எடுக்கின்றன. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு.

ஆனால் ஆடிக் கற்ற வித்தை அத்தோடு வீணாகக் கூடாது. அதற்குத்தான் பயிற்சியாளர் படிப்பு இருக்கிறது. பஞ்சாபில் பாட்டியாலா மகாராஜாவின் மோதிபாக் அரண்மனையில் 1961-ல் தேசிய விளையாட்டுக் கல்விக்கூடம் தொடங்கப்பட்டது. பயிற்சியாளர் பட்டயம் கொடுக்கும் இடம் அது. உடல் எப்படி வேலை செய்கிறது, காயம் எப்படி வருகிறது, எந்த வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு பயிற்சி கொடுக்கலாம் என்பதெல்லாம் அங்கே பாடம். பெங்களூரில் உள்ள தென்மண்டல மையத்திலும் சில விளையாட்டுகளுக்கு இந்தப் படிப்பு நடக்கிறது.

எனவே ஆட்டம் தெரிந்த பிள்ளைக்குப் பெற்றோர் சொல்லவேண்டியது இதுதான்: "ஆடு. பள்ளிப் படிப்பை விடாதே. ஆட்டம் முடிந்ததும் அதைச் சொல்லிக்கொடுக்கவும் படி."

செய்யவேண்டியது என்ன?

அரசாங்கமும் ஆக்கிச் சங்கங்களும் செய்யவேண்டியவையும் உண்டு.

முதலாவது, பயிற்சியாளருக்கு அவகாசம் கொடுக்கவேண்டும். ஓர் ஒலிம்பிக்குக்கும் அடுத்த ஒலிம்பிக்குக்கும் இடையே 4 ஆண்டுகள். அந்த 4 ஆண்டும் ஒருவர் கையில் இருந்தால்தான் கணக்குக் கேட்க முடியும். பாதியில் பிடுங்கிவிட்டு, "ஏன் விளையவில்லை?" என்று கேட்பதில் நியாயம் இல்லை. தென்னங்கன்றை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பிடுங்கி வேறு இடத்தில் நட்டால் அது காய்க்குமா?

இரண்டாவது, பெரிய அணிக்கு மட்டும் நல்ல பயிற்சியாளர் போதாது. மாவட்டத்தில், பள்ளிக்கூடத்தில் 12 வயதுப் பிள்ளைக்கு முதலில் மட்டையைப் பிடிக்கக் கற்றுக்கொடுப்பவர்தான் அஸ்திவாரம் போடுகிறார். அவருக்கு நல்ல சம்பளமும் நிரந்தர வேலையும் வேண்டும். தப்பாகப் பழகிய கையைப் பின்னால் திருத்துவது எவ்வளவு கஷ்டம் என்று எந்த மெஷின் ஆளைக் கேட்டாலும் சொல்வார்.

மூன்றாவது, பழைய ஆட்டக்காரர்களின் அனுபவத்தைப் பயன்படுத்தவேண்டும். கௌசிக் 2021-ல் கொரோனா நோயால் காலமானார். மாஸ்கோவில் கோல் போட்டவர், பாங்காக்கில் தங்கம் வாங்கிக் கொடுத்தவர். அவர் தலையில் இருந்த ஆக்கி அறிவு எத்தனை ஆண்டு உழைப்பில் சேர்ந்தது! வெற்றி பெற்ற கையோடு அவரை வீட்டுக்கு அனுப்பியவர்கள் அதை நினைத்துப் பார்க்கவில்லை.

சென்னையில் கடைசி 15 நிமிடத்தில் விழுந்த 4 கோலையும் போட்டவர்கள் இளைஞர்கள். அவர்களில் சிலர் நாளை ஒலிம்பிக்கில் ஆடுவார்கள். இன்னும் 15 ஆண்டுகள் கழித்து அவர்களில் யாராவது விசிலை எடுத்துக்கொண்டு ஒரு மைதானத்தில் நிற்பார். எதிரே 10 பையன்கள் நிற்பார்கள். அவர்களில் ஒருவன் ஓசூர்ப் பையனாக இருந்தால் நமக்குப் பெருமை.

அந்த மனிதருக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்திருக்கவேண்டும். சொல்லிக்கொடுக்க அவரை நாம் விடவும் வேண்டும்.